பதினேழாம் நம்பர் வில்லை

ஃபேனுக்கு நேரா உக்காருங்க அனிலா. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். கடற்கரையில இருக்கிறவங்களுக்குப் பாளையங்கோட்டை வெயில் ஒத்துக்காது. அதுவும் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணியக் குடிங்க.

வாசல்ல நின்னு, "நான் கிளாட்சன் வீட்டுக்காரி"ன்னு சொன்னீங்க. ஆறு வருஷமா யாராவது வருவாங்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். வந்ததும் செருப்பைக் கூடக் கழட்டாம ஒரு கேள்வி கேட்டீங்க. "மேடம், அந்த வில்லைய அவருதான் திருப்பினாரா?"ன்னு. ஆமா இல்லைன்னு ஒத்த வார்த்தைல சொல்லிரலாம். ஆனா வில்லைன்னா என்ன, அதை ஏன் திருப்பணும், ஒண்ணும் தெரியாம பதிலை மட்டும் வாங்கிட்டுப் போனா உங்களுக்கு என்ன விளங்கும்? அதனால மொதல்லருந்து சொல்றேன். எனக்கு எதையும் வரிசையாச் சொன்னாத்தான் வரும். முப்பது வருஷப் பழக்கம்.

இந்தத் தெருவுல என்னைப் பனி டீச்சர்னு சொல்லுவாங்க. நான் யாருக்கும் பாடம் எடுத்தவ இல்ல. தென்துருவம் போற கப்பல்ல என் வேலை என்னன்னா, நேரம் பிரிச்சுக் குடுக்கிறது. அவ்வளவுதான். பேருக்கு முன்னாடி டாக்டர், பேருக்குப் பின்னாடி ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர், ஆனா செய்யறது தண்ணி லாரி முன்னாடி குடத்தை வரிசை வைக்கிற வேலை. ஐஸை உடைச்சுக்கிட்டுப் போற கப்பல் அது. வாடகைக் கப்பல், கேப்டன் வெளிநாட்டுக்காரர். கப்பல்ல இருபத்தி மூணு ஆராய்ச்சிக்காரங்க. ஒருத்தருக்குப் பனியைத் துளை போட்டு எடுக்கணும், ஒருத்தருக்குத் தண்ணி எடுக்கணும், ஒருத்தர் பறவை எண்ணணும்பார். எல்லாருக்கும் கப்பல் தனக்காகத்தான் நிக்கணும். நிக்கிற நேரம் மொத்தமே கொஞ்சம். அதை நான் பங்கு வைக்கணும். அரை மணி நேரம் கொறச்சா மூணு நாள் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. நாப்பது வயசு ஆளுங்க, பிஎச்டி முடிச்சவங்க, பந்தியில வடை கிடைக்காத மாதிரி அழுவாங்க.

கிளாட்சன் அழ மாட்டான். அவன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, என்னை விடப் பதினாறு வயசு சின்னவன். எவ்வளவு குடுத்தாலும் "சரி மேடம்"பான். பனிக்கு அடியில இருக்கிற தண்ணிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு உப்புன்னு அளக்கிறது அவன் வேலை. ஐஸ்ல ஓட்டை போட்டு, கயித்துல கருவியை இறக்குவான், ஏத்துவான், நோட்டுல எழுதுவான். மறுபடி இறக்குவான். வலைக்காரங்க பிள்ளையில்லையா, கயித்தைப் பிடிக்கிறதுலயே ஒரு ஒழுங்கு இருக்கும். நல்ல பையன். ஒரே ஒரு குறை, மறதி.

இருங்க, இருங்க. நீங்க ஏதோ சொல்ல வர்றீங்க. நான் முடிச்சிடறேன்.

கப்பலை ஒரு பெரிய பனித்தட்டுல முட்டி நிறுத்துவாங்க. தட்டுன்னா சின்னது இல்ல, நம்ம வ.உ.சி. மைதானம் பத்து சேந்த மாதிரி. ஏணியை இறக்கி நாங்க பனி மேல நடந்து போவோம். ஏணிக்குப் பக்கத்துல ஒரு பலகை இருக்கும். அதுல ஆராய்ச்சிக்காரங்க ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை, நம்பர் போட்டு ஆணியில தொங்கும். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. வெளிய போகும்போது சிவப்பைத் திருப்பி வைக்கணும். உள்ள வந்ததும் பச்சை. எல்லாம் பச்சை ஆனாத்தான் கப்பல் நகரும். ஒரு சிவப்பு இருந்தாலும் கேப்டன் இன்ஜினைத் தொட மாட்டார். அவனவன் வில்லையை அவனவன்தான் திருப்பணும். இன்னொருத்தர் கை படக்கூடாது. அந்த விதியைக் கொட்டை எழுத்துல எழுதிப் பலகைக்கு மேல ஒட்டினதே நான்தான்.

கிளாட்சன் நம்பர் பதினேழு.

அந்தப் பயணத்துல பதினோராவது நாள், பதினேழு சிவப்பா இருக்கு. ஆளைப் பாத்தா உள்ள சாப்பாட்டு அறையில கையைச் சூடு பண்ணிக்கிட்டு நிக்கிறான். "என்னப்பா இது, வில்லைய மாத்தலையா?"ன்னு கேட்டேன். "இல்ல மேடம், கையுறை மாத்த வந்தேன், திரும்பப் போகணும், அதான் மாத்தல"ன்னான். நான் நம்பல. சாக்குன்னு நெனச்சேன். பத்தொன்பதாவது நாள் மறுபடியும் அதே. உள்ள இருக்கான், வில்லை சிவப்பு. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். "இங்க இருபத்தி மூணு பேர் நேரத்தை உன் மறதிக்குக் குடுக்க முடியாது"ன்னு. அவன் முகம் சிறுத்துப் போச்சு. "சரி மேடம்"னான். அதோட விட்டான். எதுத்துப் பேசியிருக்கலாம்ல? பேசல. பேசாத ஆளை என்ன செய்ய?

இருபத்தி ஏழாவது நாள். ஜனவரி மாசம். அங்க அப்ப சூரியன் மறையாது, பகல் ராத்திரி எல்லாம் கடிகாரத்துல மட்டும்தான். காலைல எட்டு மணிக்கு ஏணி இறக்கினோம். நான் போட்ட அட்டவணைப்படி மூணு மணி வரைக்கும் நேரம். ஒரு மணி வாக்குல கேப்டன் என்னைக் கூப்பிட்டு, காத்து மாறுது, பனி நெருக்குது, ரெண்டரைக்குள்ள கிளம்பலைன்னா மாட்டிக்குவோம்னார்.

மாட்டிக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். மொத வருஷம் ஒம்பது நாள் மாட்டினோம். ஒம்பது நாள் ஒருத்தரும் ஒரு வேலையும் செய்யல. ஊருக்கு வந்ததும் எல்லாரும் என்னைத்தான் கை காட்டினாங்க. சங்கரவடிவு மேடம் நேரம் பாக்கத் தெரியாம ஒரு பயணத்தையே கெடுத்துட்டாங்கன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டாங்க. ஒரு பொம்பள அந்த வேலைக்கு வர்றதே எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. அதனால ரெண்டு மணிக்கு எல்லாரும் ஏறணும்னு ஒன்றரைக்குச் சொல்லிட்டேன். வாக்கி டாக்கியில சொன்னேன். கப்பல் மைக்லயும் சொன்னேன். வந்தாங்க. திட்டிக்கிட்டே வந்தாங்க, ஆனா வந்தாங்க. ஒண்ணு ஒண்ணா பச்சை ஆச்சு.

ரெண்டு அஞ்சுக்குப் பலகை முன்னாடி போய் நிக்கிறேன். இருபத்தி ரெண்டு பச்சை. பதினேழு சிவப்பு.

எனக்கு வந்த கோவம் இருக்கே. ஏன்னா ஒண்ணேகாலுக்கு நானே அவனைப் பாத்திருக்கேன். தாடியில பனி ஒட்டியிருக்கு, கையில டீ டம்ளர், நடைபாதையில எனக்கு எதுக்க வர்றான். என்னைப் பாத்து ஒதுங்கி வழி விட்டான். அப்ப உள்ளதானே இருக்கான்? மைக்ல "பதினேழு, பலகைக்கு வரவும்"னு கூப்பிட்டேன். வரல. ரெண்டு நிமிஷம் பொறுத்து மறுபடி கூப்பிட்டேன். மைக்ல ரெண்டு தடவை கூப்பிட்டேன் அனிலா. அந்த ஆராய்ச்சி அறையில மெஷின் சத்தத்துல காது கேக்காது, அதுவும் எனக்குத் தெரியும். மேலருந்து கேப்டன், என்னாச்சு என்னாச்சுன்னு கேக்கிறார். பனி கப்பலை ஓரத்துல தேய்க்கிற சத்தம் கேக்குது. டோர்ஜேன்னு ஒருத்தர், லடாக்குக்காரர், பனி மேல எங்களுக்குக் காவல். அவர் கடைசி ஆளா ஏணியில ஏறி வந்துக்கிட்டிருக்கார். வந்து பலகையை எண்ணிப் பாத்து மேல சொல்லணும், அது அவர் வேலை.

அவர் வந்தார். எண்ணினார். இருபத்தி மூணும் பச்சை. மேல சொன்னார். ரெண்டு இருபதுக்குக் கப்பல் கிளம்பிருச்சு.

இந்தாங்க, இன்னும் கொஞ்சம் தண்ணி.

ஆறு மணிக்குச் சாப்பாடு. உங்க வீட்டுக்காரர் சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார் இல்லையா. அவர் மேஜையில இருக்கிற நாலு பேரும், வங்காளி, மலையாளி, ஒரு சர்தார் எல்லாரும், அவர் முடிக்கிற வரைக்கும் தட்டுல கை வைக்க மாட்டாங்க. யாரும் சொல்லல, அதுவாப் பழகிருச்சு. அன்னைக்கு அந்த நாலு பேரும் தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. "கிளாட்சன் எங்க?"ன்னு டோர்ஜே கேட்டார். ரூம்ல இல்ல. ஆராய்ச்சி அறையில இல்ல. கப்பல் முழுக்கத் தேடினோம். ஏழு மணிக்குக் கேப்டன் கப்பலைத் திருப்பினார்.

போகும்போது நாலரை மணி நேரத்துல கடந்த தூரம், திரும்பி வர ஒம்பது மணி நேரம் ஆச்சு. பனி எல்லாம் நெருக்கிப் போச்சு. மூடுபனி வேற. ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தோம். நான் மேல் தளத்துலயே நின்னேன். ஒருத்தர் போர்வை கொண்டு வந்து போட்டார், யாருன்னு ஞாபகம் இல்ல.

தட்டு ரெண்டா உடைஞ்சிருந்தது. அவன் இருந்த பாதி மிதந்துக்கிட்டிருந்தது. அறுநூறு மீட்டர் தள்ளி, பனி மேடு ஒண்ணுக்குப் பின்னால அவன் ஓட்டை. கப்பல்லருந்து பாத்தா அந்த மேடு மறைக்கும். ஓட்டைக்குப் பக்கத்துல காத்து படாத பக்கமா முட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். கருவியை மேல ஏத்தி, தொடச்சு, பெட்டியில வச்சுப் பூட்டியிருந்தான். கயித்தைச் சுத்தி வச்சிருந்தான். டோர்ஜே மொதல்ல போனார். திரும்பி எங்களைப் பாத்து, உயிர் இல்லைன்னு தலையை ஆட்டினார். நான் அங்கேயே பனியில உக்காந்துட்டேன்.

அடுத்த இடத்துக்கு மறுநாள் காலைல வேலை போட்டிருந்தேன். நான் நிறுத்தல. கப்பல்ல குளிர் அறையில உங்க வீட்டுக்காரரை வச்சிருக்கு, மேல நாங்க ஏணி இறக்கறோம். வேலையை நிறுத்தாம இருக்கிறதுதான் அவனுக்கு மரியாதைன்னு மைக்ல பேசினேன். நாலஞ்சு பேர் அழுதாங்க. டோர்ஜே மட்டும் என்னையே பாத்துக்கிட்டு நின்னார். ஏன் பாத்தார்னு இப்பவும் தெரியல.

விசாரணை வச்சாங்க. மூணு பேர். டோர்ஜே, பலகை முழுக்கப் பச்சைன்னு சத்தியம் பண்ணினார். என்கிட்ட ஒருத்தர் கேட்டார், "பதினேழாம் நம்பர் வில்லையை வேற யாராவது தொட்டிருக்க முடியுமா?"ன்னு. நான் சொன்னேன், "விதிப்படி இன்னொருத்தர் தொடக்கூடாது"ன்னு. அது பொய் இல்லையே. விதி அதுதானே. அவர் எழுதிக்கிட்டார். அடுத்த கேள்விக்குப் போயிட்டார். அவரு அங்கேயே நின்னு இன்னொரு தடவை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். கேக்கல. அறிக்கையில, "உள்ளே வந்து தானே வில்லையைத் திருப்பிய பிறகு, எவருக்கும் சொல்லாமல் மீண்டும் வெளியே சென்றுள்ளார், சொந்தக் கவனக்குறைவு"ன்னு போட்டாங்க. கையெழுத்துப் போட இடம் காட்டினாங்க. போட்டேன்.

என்ன சொன்னீங்க?

நாலு தடவையா? வீட்டப் பூட்டிட்டுக் கிளாட்சன் நாலு தடவை இழுத்துப் பாப்பாரா? பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாப்பாரா? நீங்க கேலி பண்ணுவீங்களா?

சரி. சரி.

உங்க மாமனார் படுக்கையில இருக்கார்ங்கிறீங்க. நாப்பது வருஷம் விசைப்படகு ஓட்டினவர். ஒரு ஆளைக் கூட விட்டுட்டுக் கரைக்கு வராதவர். அவர் மகன் கடல்ல கவனமில்லாம செத்தான்னு துறைமுகத்துல பேசறது அவர் காதுல விழுந்ததுலருந்து அவன் படத்தைச் சுவத்துல மாட்ட விடல. பேரையும் சொல்றதில்ல. இப்ப பேச்சு குழறுது, ஆனா இது ஒண்ணை மட்டும் தெளிவாக் கேக்கிறார். "எம் பயதான் திருப்பினானா?"ன்னு. டாக்டர் ஒரு வாரம்னு சொல்லியிருக்கார். அதனாலதான் பஸ் ஏறி வந்திருக்கீங்க. நான் ஒருத்தி, மறதி, மறதின்னு உங்க மூஞ்சிக்கு நேரா ஒரு மணி நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

இருங்க, பீரோவத் திறக்கணும்.

இது அவன் நோட்டு. கோட்டுக்குள்ள, நெஞ்சோட வச்சிருந்தான். ஆராய்ச்சிக் குறிப்பு, ஆபீஸ் சொத்துன்னு சொல்லி நான் எடுத்து வச்சுக்கிட்டேன். விசாரணைக்குக் குடுக்கல. அளவை எல்லாம் தனியா எழுதிக் குடுத்துட்டேன், நோட்டைக் குடுக்கல. யாரும் கேக்கவும் இல்ல. கடைசிக்கு முந்தின பக்கம் பாருங்க. கையெழுத்து உங்களுக்குத் தெரியும். ஒண்ணேகால் மணிக்கு எழுதியிருக்கான். "வாக்கி டாக்கி செத்துப்போச்சு. உள்ளே போனேன், சார்ஜ் ஏறின பேட்டரி ஒண்ணும் இல்லை. டீ குடித்தேன். மூணு மணி வரை நேரம் இருக்கிறது, திரும்பப் போகிறேன்."

மூணு மணி. நான் போட்ட அட்டவணை. நான் மாத்தினது அவனுக்குத் தெரியாது.

திருப்புங்க அடுத்த பக்கம். வேண்டாம், நான் வாசிக்கிறேன். கண்ணாடி இல்லாமலே வரும் எனக்கு. "2.30. கப்பல் நகருகிறது. மேட்டில் ஏறிக் கை காட்டினேன், தெரியவில்லை. பயமில்லை. என் வில்லை சிவப்பாகத்தான் இருக்கிறது. பலகையைப் பார்த்ததும் திரும்பி விடுவார்கள். அதுவரை அளவு எடுக்கிறேன்."

அதுக்குக் கீழ மூணு மணி அளவு. மூன்றரை. நாலு. நாலரை. எழுத்து பெருசாகுது பாருங்க, விரல் மடங்கல. கடைசி அளவு ஒம்பதரை. ஏழு மணி நேரம் அந்தப் பலகையை நம்பி உக்காந்திருக்கான். சிவப்பு இருந்தா கப்பல் வந்துரும்னு. சரியாத்தான் நம்பினான். ஒரு தடவையும் அவன் மறக்கல அனிலா. பதினோராவது நாளும் மறக்கல, பத்தொன்பதாவது நாளும் மறக்கல. திரும்பப் போறவன் சிவப்பைத்தான் விட்டு வைக்கணும். நான் எழுதி ஒட்டின விதி அது. அந்தக் கப்பல்ல அந்த விதியை ஒழுங்காப் பாத்தவன் அவன் ஒருத்தன்தான்.

நான் திருப்பினேன். டோர்ஜே ஏணியில பாதி ஏறிட்டார், கேப்டன் கத்திக்கிட்டிருக்கார், உள்ளதானே இருக்கான், எப்பவும் மறக்கிறவன்தானேன்னு நெனச்சேன். ஒரு விரல் போதும். அது லேசான வில்லை. திருப்பினதும் ஆணியில ஆடிச்சு. ஆடாம கையால பிடிச்சு நிறுத்தினேன், டோர்ஜேக்குத் தெரியக்கூடாதுன்னு. அதைத்தான் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. திருப்பினது கூட அவசரத்துல. பிடிச்சு நிறுத்தினது அவசரத்துல இல்ல.

அழுதுக்கோங்க. என்னை ஏதாவது சொல்லணும்னாலும் சொல்லுங்க. சும்மா இப்படிப் பாக்காதீங்க, டோர்ஜே பாத்த மாதிரி இருக்கு.

எழுதித் தரேன். தேதி, மணி எல்லாம் போட்டு, விசாரணை பண்ணினவங்களுக்கும் ஒண்ணு, உங்களுக்கும் ஒண்ணு. நாளைக்கு நானே தபால் ஆபீஸ் போறேன். ஆனா உங்க மாமனாருக்குக் காகிதம் எதுக்கு, அவர் எங்க வாசிக்கப் போறார். நோட்டை எடுத்துட்டுப் போங்க, உங்க வீட்டுச் சொத்து. அந்தப் பக்கத்தை அவர் காதுகிட்ட உக்காந்து வாசிங்க. "வேற யாரு திருப்பினது?"ன்னு கேப்பார். மேடம்னு சொல்லாதீங்க, அவருக்கு அது யாருன்னு தெரியாது. பேரைச் சொல்லுங்க. சங்கரவடிவு. பாளையங்கோட்டை சங்கரவடிவு.

நான் மைக்ல ரெண்டு தடவை கூப்பிட்டேங்கிறதையும் அவர்கிட்ட...

இல்ல, வேண்டாம். அதைச் சொல்ல வேண்டாம்.